நாளெல்லாம் மூட்டை சுமப்பவருக்குத் தேகப்பயிற்சி எதற்கு?

வடசென்னையில் உடற்பயிற்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் எதிர்க்கேள்வி இது. காசிமேட்டில் விடிவதற்கு முன்பே விசைப்படகிலிருந்து மீன் கூடைகளை இறக்குகிறவரிடமும், பாரிமுனைக் கிடங்குகளில் மூட்டை ஏற்றுகிறவரிடமும், மீன்பாடி வண்டியில் இரும்புக் கம்பிகளை அடுக்கிக்கொண்டு போகிறவரிடமும் "வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைகளுக்குப் பயிற்சி கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே மனிதர்களில் சிலர் நாற்பத்தைந்து வயதிலேயே இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வேலைக்கு வருவதும், கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டை மாட்டத் திணறுவதும் இந்தப் பக்கத்தில் யாரும் காணாத காட்சி அல்ல. 50 கிலோ சிமென்ட் மூட்டையைத் தூக்கும் உடம்புக்குச் சட்டை மாட்டுவது எப்படிச் சிரமமாகிறது? இதற்குப் பதில் தெரிந்தால், ஜிம் பலகைகளில் 'ஃபங்ஷனல் டிரெயினிங்' (நடைமுறை வாழ்க்கைக்கான வலுப்பயிற்சி) என்று பெரிதாக எழுதப்பட்டிருக்கும் சங்கதியில் பாதி புரிந்துவிடும்.

பயிற்சி அறிவியலின் அடிப்படை விதி மிகவும் எளியது. உடம்பு தன்னிடம் கேட்கப்பட்டதை மட்டுமே கற்றுக்கொள்ளும். எந்தத் திசையில், எந்த வேகத்தில், மூட்டு எவ்வளவு மடங்கிய நிலையில் பாரம் வருகிறதோ, அந்தத் திசையிலும் வேகத்திலும் நிலையிலும்தான் வலு ஏறும். கேட்கப்படாத இடம் மெல்ல மெல்லச் சுருங்கும். மூட்டை சுமப்பவரின் முதுகும் தொடையும் கழுத்தும் உறுதியாக இருக்கும். ஆனால் அவருடைய கை, பாரத்துடன் தலைக்கு மேல் நேராக நீளும் வேலை நாள் முழுவதும் வருவதில்லை. மார்பு முன்பக்கம் குவிந்தே இருக்கும். இடுப்பு ஒரே கோணத்தில்தான் மடங்கி நிமிரும். சில ஆண்டுகளில் தோள்மூட்டு தன் எல்லையைச் சுருக்கிக்கொள்கிறது.

குடம் சுமக்கும் பெண்களின் கதையும் இதேதான். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் மட்டும் 15 கிலோ. லாரியிலிருந்தோ அடிபம்பிலிருந்தோ பிடித்த குடம் பெரும்பாலும் ஒரே பக்க இடுப்பில்தான் ஏறும், ஏனென்றால் மற்றொரு கை இன்னொரு குடத்துக்கோ குழந்தைக்கோ வேண்டும். இப்படிப் பத்து இருபது ஆண்டுகள் சுமந்தால் ஒரு பக்கம் மட்டும் பழகிவிடுகிறது.

எனவே இந்தக் கட்டுரையின் வாதம் ஒன்றுதான்: நடைமுறை வாழ்க்கைக்கான வலுப்பயிற்சி என்றால் அன்றாட வேலையை ஜிம்மில் நகலெடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அன்றாட வேலை எதைத் தொடாமல் விடுகிறதோ அதைத் தேடிப் பிடித்துச் செய்வதே சரியான பயிற்சி. அப்படிப் பார்த்தால், சுமைதூக்கும் தொழிலாளிக்கும் பெரம்பூரிலிருந்து ரயிலேறி அலுவலகம் போய் ஒன்பது மணி நேரம் நாற்காலியில் இருப்பவருக்கும் ஒரே பயிற்சி அட்டவணை இருக்க முடியாது.

ஃபங்ஷனல் டிரெயினிங் வந்த வழி தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். பக்கவாதத்துக்குப் பிறகோ முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ வருகிறவரை இயன்முறை மருத்துவர்கள் நாற்காலியிலிருந்து எழவும், படி ஏறவும், கீழே கிடக்கும் பொருளைக் குனிந்து எடுக்கவும் பழக்குவார்கள். தொடைத் தசை தனியாக எவ்வளவு பலம் பெற்றது என்பதைவிட, அவர் வீட்டில் தனியாகக் கழிப்பறைக்குப் போய் வருகிறாரா என்பதுதான் அவர்களின் கணக்கு. அந்த எண்ணம் அங்கிருந்து விளையாட்டு வீரர்களிடமும் பிறகு பொதுமக்களிடமும் வந்தது. ஒவ்வொரு தசையையும் ஓர் இயந்திரத்தில் தனித்தனியாகப் பயிற்றுவிப்பதற்குப் பதிலாக, உட்கார்ந்து எழுதல், இடுப்பிலிருந்து குனிந்து தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், சுமந்து நடத்தல், உடலைத் திருப்புதல், ஒற்றைக் காலில் நிற்றல் என்ற அசைவுகளைப் பயிற்றுவிக்கிறார்கள்.

பிறகு சந்தை உள்ளே நுழைந்தது. அரைப்பந்தின் மேல் நின்று டம்பெல் தூக்குவது, ஆடும் பலகையில் ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது என்று காணொளிக்கு அழகான வித்தைகள் பெருகின. ஆடுகிற தளத்தில் நிற்கும்போது தசை தன் முழு விசையைக் காட்ட முடியாது. கணுக்கால் சுளுக்கிலிருந்து தேறி வருபவருக்கு அதனால் பயன் உண்டு. மற்றவர்களுக்குத் திடமான தரையே போதும். பந்து வாங்கும் காசுக்கு முட்டை வாங்கலாம் என்பது என் கட்சி.

உடலுழைப்புக்காரர்களைப் பற்றி ஆய்வுகள் சொல்வது கொஞ்சம் திடுக்கிட வைக்கும். கோபன்ஹேகனில் 1,04,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியான ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடலை அசைப்பவர்களுக்கு மரண அபாயமும் இதய நோய் அபாயமும் குறைந்திருந்தன. வேலையில் கடும் உடலுழைப்பு உள்ளவர்களுக்கோ இரண்டும் கூடியிருந்தன. வருமானம், புகை, உணவு ஆகியவற்றின் பங்கை எவ்வளவு கழித்தாலும் முழுதாகக் கழித்துவிட முடியாது என்பதால் இந்த முடிவைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. ஆனாலும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் வடசென்னைக்குப் பொருந்துகின்றன. வேலையில் சுமை தூக்குபவர் எப்போது நிறுத்துவது என்று தானே முடிவு செய்வதில்லை. மணிக்கணக்கில் இரத்த அழுத்தம் உயர்ந்தே இருக்கிறது. நேற்றைய களைப்பு தீர்வதற்குள் இன்றைய லாரி வந்துவிடுகிறது. பயிற்சியில் 20 நிமிடம் உழைத்து 48 மணி நேரம் ஆறவிடுகிறோம். தசை வளர்வது அந்த ஆறும் நேரத்தில்தான். ஆறவிடாத உழைப்பு, வட்டி மட்டும் கட்டி அசல் குறையாத கடனைப் போன்றது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க வழி காண வேண்டும் என்று 1967-லேயே பரிந்துரைத்தது. நம் கிடங்குகளில் அது எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

ஆகவே சுமைதூக்கும் தொழிலாளிக்குப் பயிற்சி என்றால் இன்னும் பாரம் அல்ல. பதினைந்து நிமிடம் போதும். ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்கி முதுகையும் தோளையும் நீளவிடுவது, சுவரில் முதுகைச் சாய்த்துக் கைகளை மெல்ல மேலே ஏற்றி இறக்குவது, ஒரு காலை முன்வைத்து மண்டியிட்டுப் பின்னால் இருக்கும் காலின் தொடை முன்புறத்தையும் இடுப்பையும் நீளவிடுவது. வாரத்தில் சில நாள் மெதுவான சைக்கிள் மிதி. இவற்றோடு தூக்கம். சிரித்தவரிடம் இதைச் சொன்னால் இரண்டாவது முறை சிரிக்க மாட்டார்.

இங்கே மொபிலிட்டி என்று சொல்லப்படுவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் குழப்பம் அதிகமுள்ள இடம் இது. படுத்திருப்பவரின் காலை இன்னொருவர் பிடித்து எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது என்பது வெறும் வளைதன்மை. அதே உயரத்துக்கு அவர் தானாகக் காலைத் தூக்கி, அங்கே நிறுத்தி, கட்டுப்பாட்டோடு இறக்க முடிந்தால்தான் அது மொபிலிட்டி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் காயம் எளிதில் நேரலாம். அந்த இடைவெளியை நிரப்புவது வலு. உடலை முழு எல்லை வரை கொண்டுபோய்ப் பாரத்துடன் செய்யும் பயிற்சி, நீட்டிப் பிடிக்கும் பயிற்சிக்கு ஏறத்தாழ நிகரான வளைதன்மையைத் தருகிறது என்பதைப் பல ஆய்வுகள் ஒன்றுசேர்ந்து காட்டியிருக்கின்றன. நேரமில்லாதவருக்கு இது நல்ல செய்தி. ஒரே பயிற்சியில் இரண்டும் கிடைக்கும்.

காசிமேட்டில் தரையில் குந்தியபடி மணிக்கணக்கில் மீன் ஆயும் பெண்களைப் பாருங்கள். பாதம் முழுதாகத் தரையில், முழங்கால் முழுதாக மடங்கி, இடுப்பு கீழே. இந்த ஒரு நிலைக்காகத்தான் மென்பொருள் இளைஞர் பயிற்சியாளருக்குக் காசு கொடுக்கிறார். அவரால் குதிகாலைத் தூக்காமல் குந்த முடிவதில்லை. நாற்காலியும் மேற்கத்தியக் கழிப்பறையும் பழகிய பிறகு கணுக்காலிடம் அந்த மடிப்பை யாரும் கேட்பதில்லை. சோதிப்பது எளிது: சுவரிலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தள்ளிக் கட்டைவிரலை வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட முடியாதவருக்கு, படியிறங்கும்போதும் பந்தை உதைத்துவிட்டு ஊன்றும்போதும் அந்தக் குறையை முழங்காலும் இடுப்பும் சுமக்க வேண்டியிருக்கும். மீன் ஆயும் அக்காவுக்குக் கணுக்காலில் குறையில்லை, மேல்முதுகிலும் தோளிலும்தான் குறை. ஒருவருக்கு மிகுந்திருப்பது மற்றவரிடம் இல்லை. இருவரையும் ஒரே வகுப்பில் நிறுத்தி ஒரே பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பவரிடமிருந்து நகர்ந்துவிடுவது நல்லது.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போக வரிசையில் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர்கள் தனி வகை. நெடுநேரம் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தால் முதுகெலும்பைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்ந்து நீண்டுவிடுகின்றன. அந்த நிலையிலிருந்து குதித்து இறங்கி உடனே கனமான எதையாவது இழுத்தால் முதுகு பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். இறங்கி இரண்டு மூன்று நிமிடம் நடந்து, இடுப்பில் கை வைத்துப் பின்பக்கம் சில முறை சாய்ந்துவிட்டு வேலையைத் தொடுவது செலவில்லாத காப்பு. ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் இது பொருந்தும்.

இந்த வட்டாரத்துக்கு இந்தப் பயிற்சி புதிதும் அல்ல. கர்லாக்கட்டை என்ற கனமான மரக்கட்டையைச் சுழற்றுவது, தண்டால், பஸ்கி (குந்தி எழுவது) ஆகியவை ஜிம் என்ற வார்த்தை இங்கு வருவதற்கு முன்பே இருந்தவை. கர்லாக்கட்டை தோளைச் சுற்றி வட்டமாகப் போகும்போது பிடி, மணிக்கட்டு, தோள்பட்டை, விலா, எதிர்ப்பக்க இடுப்பு எல்லாம் ஒரே கோவையில் வேலை செய்கின்றன. பாரம் ஒரு பக்கம் ஆடிச் செல்லும்போது நடு உடல் அதைத் தடுத்து நிற்க வேண்டும். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் இதைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். கட்டை சுழற்றுவது 1904, 1932 ஒலிம்பிக்குகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் பிரிவில் ஒரு போட்டியாகவே நடந்தது. தண்டாலில் உடல் முன்னே பாய்ந்து மேலே எழும்போது மார்பும் தோளும் மட்டும் அல்ல, முதுகெலும்பும் ஒவ்வொரு கண்ணியாக விரிகிறது. ஆனால் பழையது என்பதாலேயே எல்லாம் சரி என்று சொல்லிவிடவும் முடியாது. முழங்கால் தேய்ந்தவரை நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுக்கச் சொல்லும் வாத்தியார்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எண்ணிக்கை வீரம் வேறு, பயிற்சி வேறு.

ராயபுரம் பக்கத்துக் குத்துச்சண்டைக்கு வருவோம். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்ற குத்துச்சண்டைக் குழுக்கள் இங்கு இரண்டு மூன்று தலைமுறைகளாக மோதிக்கொண்டதும், குத்துச்சண்டை வீரர் கித்தேரி முத்துவின் பெயர் இன்னும் பேச்சில் வருவதும் தெரிந்ததே. 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் இறங்கியது இந்த ஆர்வத்துக்கு இன்னொரு படி. குத்து கையிலிருந்து வருகிறது என்று நினைப்பவர்களுக்கு, சோவியத் ஆய்வாளர்கள் 120 வீரர்களை அளந்து 1985-இல் வெளியிட்ட கணக்கு உதவும். தேர்ந்த வீரர்களின் நேர்க்குத்தில் கால்களின் பங்கு சுமார் 38 சதவீதம், நடு உடலின் பங்கு சுமார் 37, கையின் பங்கு சுமார் 24. கற்றுக்குட்டிகளிடம் கால்களின் பங்கு 17 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கை மட்டும் 38. பின்கால் தரையைத் தள்ளி, இடுப்பு திரும்பி, விலா திரும்பி, கடைசியில்தான் முஷ்டி போய்ச் சேர்கிறது. நடுவில் எந்த மூட்டு இறுகியிருந்தாலும் விசை அங்கேயே கசிந்துவிடும். மேல்முதுகு திரும்பாதவர் அந்தத் திருப்பத்தை இடுப்புக்கு மேலுள்ள கீழ்முதுகிலிருந்து கேட்பார். கீழ்முதுகோ திரும்புவதற்கு ஏற்ப அமையவில்லை. குத்துச்சண்டைக்காரருக்குக் கீழ்முதுகு வலி வந்தால் முதலில் மேல்முதுகையும் இடுப்பு மூட்டையும் சோதிப்பது அதனால்தான்.

ஆகவே அவருக்குப் புஜத்தை வளர்க்கும் டம்பெல் சுருட்டலைவிட ஒற்றைக் காலில் குனிந்து எழுவது, கனமான பந்தைப் பக்கவாட்டில் சுவரில் எறிவது, ஒரு கையில் மட்டும் பாரத்தைப் பிடித்துச் சாயாமல் நடப்பது ஆகியவை அதிகம் தரும். கடைசியில் சொன்னதற்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று இருந்தால் போதும். குடம் சுமப்பவரும் இதையே செய்யலாம், வழக்கமாகச் சுமக்காத பக்கத்தில்.

வியாசர்பாடியின் கால்பந்துப் பிள்ளைகளுக்கு இன்னும் நேரடியான ஆதாரம் உண்டு. ஓடும் வேகத்தில் பின்தொடை கிழிவதுதான் அந்த விளையாட்டின் பெரிய தொல்லை. மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்து முடிந்தவரை மெதுவாக முன்பக்கம் சாயும் 'நார்டிக்' பயிற்சி ஒன்று இருக்கிறது. 8,000-க்கும் மேற்பட்ட விளையாட்டு வீரர்களைக் கொண்ட ஆய்வுகளைச் சேர்த்து 2019-இல் பார்த்தபோது, இது பின்தொடைக் காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருந்தது. எந்த ஜிம்மும் வேண்டாம். மண்தரையும் ஒரு நண்பனும் போதும். முதல் வாரம் தொடை வலிக்கும், அதனால்தான் பெரும்பாலான அணிகள் விட்டுவிடுகின்றன. போட்டிக்கு முந்தைய நாள் தொடங்காமல், இரண்டு மூன்று முறை என்று ஆரம்பித்து வாரம் வாரமாக ஏற்றினால் தாங்கும்.

ஆட்டத்துக்கு முன் மைதான ஓரத்தில் காலை நீட்டி நிமிடக்கணக்கில் அசையாமல் பிடித்திருக்கும் வழக்கம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. 26,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 25 ஆய்வுகளை அலசிய 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை, வலுப்பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒன்றுக்கும் கீழே குறைத்ததையும், நீட்டல் பயிற்சியால் காயம் குறைந்ததற்கு ஆதாரமில்லை என்பதையும் காட்டியது. ஒரே தசையை 60 நொடிக்கு மேல் நீட்டிப் பிடித்தால் உடனடி வேகமும் குதிக்கும் விசையும் சற்றுக் குறையவும் செய்யும். காலை வீசி ஆட்டுவது, பக்கவாட்டில் ஓடுவது, குந்தி எழுவது என்று அசைந்தபடியே சூடேற்ற வேண்டும். நீண்ட நீட்டலை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கேரம் ஆடுபவருக்கு என்ன உடற்பயிற்சி என்று கேட்கலாம். வடசென்னை உலக சாம்பியன்களைத் தந்திருக்கும் ஆட்டம் அது. வியாசர்பாடியின் இளவழகியைத் தெரியாத கேரம்காரர் இங்கே இல்லை. எழாமல் உட்கார்ந்தபடியே மேசையின் கோணங்களுக்கெல்லாம் உடலைத் திருப்ப வேண்டும், கழுத்து முன்னே நீண்டே இருக்கும், விரல் நடுங்கக் கூடாது. மேல்முதுகின் திருப்பமும் கழுத்தின் பின்தசை வலுவும் இருந்தால் கடைசி ஆட்டத்திலும் கை நிதானமாக இருக்கும்.

வயதானவர்களுக்கு இந்த விஷயம் விளையாட்டைவிடப் பெரியது. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது, அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணலாம். 60 முதல் 64 வயதுக்குள் ஆணுக்கு 14-க்கும் பெண்ணுக்கு 12-க்கும் குறைந்தால் சராசரிக்குக் கீழே என்று கொள்கிறார்கள். பிரேசிலில் 51 முதல் 75 வயதுள்ள 1,702 பேரை 10 நொடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஐவரில் ஒருவரால் முடியவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அவர்களிடையே மரணங்கள் தெளிவாகவே அதிகம். நிற்கப் பழகினால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் இல்லை. உள்ளே எதுவோ தளர்ந்திருப்பதை அந்தப் பத்து நொடி முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ மின்சார ரயிலில் ஏறும் பாட்டிக்கு ஒற்றைக் காலில் எடையைத் தாங்குவது அன்றாடத் தேவை. சுவரோரம் நின்று பல் துலக்கும்போதே இதைப் பழகலாம்.

உலக சுகாதார அமைப்பு 2020-இல் சொன்ன அளவு: வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான அசைவு, இரண்டு நாளாவது பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுப்பயிற்சி, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சி. நாற்காலியில் வேலை பார்ப்பவருக்கு அந்த இரண்டு நாளில் குந்தி எழுதல், அரிசி மூட்டையை இடுப்பிலிருந்து குனிந்து தூக்குதல், தண்டால், கம்பியில் தொங்கி இழுத்தல், சுமந்து நடத்தல் ஆகிய ஐந்தும் அடங்கிவிட்டால் வேறெதையும் தேட வேண்டாம். கடைசி இரண்டு மூன்று முறை கடினமாக இருக்க வேண்டும், எளிதாகிவிட்டால் பாரத்தையோ எண்ணிக்கையையோ கொஞ்சம் ஏற்ற வேண்டும். மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடங்களிலும் பூங்காக்களிலும் இதற்கு வேண்டியவை பெரும்பாலும் உண்டு.

நேரத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் உடலில் வழிந்தால் சூடு இறங்காது, ஏப்ரல், மே மாதங்களில் மதிய வெயிலில் ஓடுவது வீரம் ஆகாது. மணலியிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ புகை நெடி இறங்கும் நாளில் மூச்சிரைக்க ஓடுவதைவிட வீட்டுக்குள் வலுப்பயிற்சி செய்வது மேல்.

பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் தசையில் ஒரு நாள், இரண்டு நாள் இருக்கும் வலி இயல்பானது. மூட்டுக்குள் குத்தும் வலி, இரவில் எழுப்பும் வலி, ஒரு வாரத்தில் குறையாத வலி ஆகியவற்றை இயன்முறை மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் இழுபட்டாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ, எண்ணெய் தேய்ப்பவரிடமும் சுளுக்கு எடுப்பவரிடமும் போகாமல் அன்றைக்கே ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.